வசன வரிகளுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் நடக்கும் கதையைச் சொல்லி 1992-இல் வெளிவந்த ‘தி பவர் ஆஃப் ஒன்’ படத்தைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதிக் குத்துச்சண்டைப் பிள்ளைகளுக்குத் தமிழ் வசன வரிகளோடு திரையிட்டோம். வரிகளை எழுதியவன் என்ற முறையில் பாராட்டெல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தது; அதைப் பெற வேண்டியவர்கள் வேறு சிலர் என்பதால் இம்மடல்.

முதல் நன்றி, அந்நாட்டின் டர்பன் நகரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெரியவருக்கு. கறுப்பினத்தவரைப் படத்தில் வெள்ளையர் ஏசும் சொல்லுக்கு நான் ‘அடிமை’ என்று எழுதியிருந்தேன். அடிமை என்பது ஒருவனுடைய நிலை, இச்சொல்லோ அவனுடைய பிறப்பையே இழிப்பது என்று தொலைபேசியில் பொறுமையாக விளக்கிய அவர், காதுக்கு இதமாக்கிவிட்டால் பிள்ளைகளுக்கு எதுவும் உறைக்காது என்றார். படத்தின் நாயகனான வெள்ளைச் சிறுவன் பி.கே.வுக்குச் சிறைக்குள் குத்துச்சண்டை கற்றுத்தரும் கைதி கீல் பீட்டின் பெயரில் உள்ள ‘கீல்’, ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ‘மஞ்சள்’ என்று பொருள்படும் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தோலின் நிறமே அம்மனிதனுக்குப் பெயராகிவிட்டிருக்கிறது.

சிறைக் கச்சேரிக் காட்சியில் அவருடைய யோசனையை அப்படியே ஏற்றேன். கைதிகள் தம் மொழியில் காவலர்களை எள்ளிப் பாடுகிறார்கள். அதன் பொருளைச் சொல்லும்படி கீல் பீட்டை வதைக்கும் காவலன், கடைசியில் அவனை அடித்தே கொல்கிறான். பாட்டுக்குத் தமிழ் போட வேண்டாம், காவலனுக்குப் புரியாதது நமக்கும் அதுவரை புரியாமலே இருக்கட்டும் என்றார் பெரியவர். மொழிபெயர்த்ததற்காக ஒருவன் உயிரை விடும் இடத்தில் நான் எழுதியவை இரண்டே வரிகள். அவற்றை எழுதத்தான் எனக்கு நான்கு இரவுகள் பிடித்தன.

நான் முயன்று எழுதிய ‘முன்கை நேர்க்குத்து’ முதலியவற்றை அடித்துவிட்டு, பிள்ளைகள் அன்றாடம் சொல்லும் ஜாப், ஹூக், கார்டு ஆகிய சொற்களையே வைக்கச் சொன்ன பயிற்சியாளருக்கும், புரொஜெக்டரை இரவல் தந்த திருமண மண்டபத்தாருக்கும், படம் ஓடிய 127 நிமிடமும் வாசலில் நின்று வண்டிகளை ஹாரன் அடிக்கவிடாமல் பார்த்துக்கொண்ட ஆட்டோ நண்பர்களுக்கும் என் நன்றி.

படத்தில் கைதிகள் பி.கே.வைத் தங்களுக்கு ‘மழை கொண்டுவருபவன்’ என்று நம்புகிறார்கள். கறுப்பினத்தவரின் விடிவுக்கு ஒரு வெள்ளைச் சிறுவன்தான் மழை கொண்டுவர வேண்டுமா என்று படம் முடிந்ததும் எழுந்து கேட்ட ஆசிரியைக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். 1948-இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து இன ஒதுக்கலைச் சட்டமாக்கத் தொடங்கிய நாட்டில் அதை எதிர்த்து நின்றவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவரே என்பதால், படத்தின் மீது அவர் வைத்த குறை சரியானதே. ஆயினும் கீல் பீட்டுக்காக இந்தப் படத்தை நான் மறுபடியும் திரையிடுவேன்.

பெரியவர் சொல்லியும் ஓரிடத்தில் ‘அடிமை’ என்ற சொல்லைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். எட்டாம் வகுப்பு படிக்கும் பெண்ணொருத்தி அதைக் கண்டு மறுநாள் காலையிலேயே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள். திருத்திவிட்டேன், தங்கையே, உனக்கும் என் நன்றி.