இதய நோயாளர் இல்லப் பராமரிப்பு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை பகுதித் தேயிலைத் தோட்டங்களில் இதயச் செயலிழப்பினால் அவதியுறும் நோயாளர்களை அவர்கள் குடியிருக்கும் லயன் அறைகளுக்கே சென்று பராமரிக்கும் திட்டமொன்றைத் தொடங்க எமது குழு தீர்மானித்துள்ளது. அதற்கு உங்கள் உதவியை நாடி இம்மடலை எழுதுகிறோம்.

இதயச் செயலிழப்பு என்றதும் இதயம் நின்றுபோய்விட்டது என்றே பலர் அஞ்சுகின்றனர். உண்மையில், உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை அனுப்ப இயலாதவாறு இதயம் தளர்ந்துபோன நிலையே இது. முன்பு வந்த மாரடைப்பு, நெடுங்கால இரத்த அழுத்தம், சிறுவயது வாதக் காய்ச்சலினால் பழுதான வால்வு எனக் காரணம் எதுவாயினும், கால் வீங்குவதும், நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குவதும், படுத்தால் மூச்சு முட்டுவதும் பெரும்பாலானோருக்குப் பொதுவானவை. மருந்தின் துணையால் பலர் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றனர். ஆனால் தேறுவதும் திடீரென மோசமாவதுமாக நோய் மாறி மாறி வருவதால், கடைசிக் காலம் எப்போது என்று முன்கூட்டிச் சொல்வது வைத்தியருக்கும் கடினம்.

சென்ற மழைக்காலத்தில், ஆயுள் முழுவதும் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற ஒரு தாயாரைப் பார்க்கச் சென்றோம். சுவரோரமாக அரிசி மூட்டையை வைத்து, அதன்மேல் இரண்டு கம்பளிகளை மடித்துப் போட்டு, அதில் சாய்ந்தபடியே அவர் இரவுகளைக் கழித்துக்கொண்டிருந்தார். உடலில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றவெனக் கிளினிக்கில் கொடுத்த நீர் மாத்திரைகள் சாமித் தட்டில் அப்படியே இருந்தன. காரணம் கேட்டபோது, "அதப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்குப் போகணும் தம்பி. கக்கூசு முப்பது படிக்குக் கீழ இருக்கு, இந்த மழையில என்னை யாரு கூட்டிட்டுப் போறது?" என்றார். மகள் மலைக்கு வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, கூலி கிடைக்காது; போனாலோ தாயைப் பார்க்க ஆளில்லை. இலவசமாகக் கிடைத்த மருந்து பலன் தர, அறைக்குள் வைக்கக்கூடிய ஒரு மலசலகூட நாற்காலி தேவைப்பட்டது. அதை வாங்கிக் கொடுத்த பின் மாத்திரையைத் தவறாமல் எடுத்தார், வீக்கம் வடிந்தது, சில நாட்களில் மூன்று தலையணை வைத்துப் படுத்தும் உறங்கினார். இத்திட்டம் அந்த அறையிலிருந்துதான் பிறந்தது.

இவ்வாறு நோயின் வேதனைகளைத் தணித்து நோயாளிக்கும் வீட்டாருக்கும் துணைநிற்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்பது புற்றுநோயாளரின் இறுதி நாட்களுக்கே உரியது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, இப்பராமரிப்புத் தேவைப்படும் வளர்ந்தோருள் 38.5 சதவீதத்தினர் இதய, இரத்தக்குழாய் நோயுள்ளவர்கள்; புற்றுநோயாளர் 34 சதவீதம். உலகளவில், தேவைப்படுவோருள் ஏறத்தாழ 14 சதவீதத்தினருக்கே இது கிடைக்கிறது. கோழிக்கோட்டில் 1993 இல் ஒரு சிறு சிகிச்சையகமாகத் தொடங்கிய இத்தகைய பராமரிப்பு முயற்சி, பின்னர் அயலவர் தந்த சிறு தொகைகளாலும் தொண்டர்களாலும் கேரளத்தின் பல ஊர்களுக்குப் பரவியது. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் அழைக்காமலே எல்லோரும் கூடும் நம் மக்களால், உயிரோடு இருக்கும் நோயாளிக்காகவும் கூட முடியும் என்று உறுதியாக நம்புகிறோம்.

ஓய்வு பெற்ற தாதி ஒருவரும் பயிற்சி பெற்ற தொண்டர்களும் ஒவ்வொரு நோயாளியையும் முறை வைத்துப் பார்ப்பார்கள். காலையில் எடை பார்த்துக் குறித்து வைக்கப் பழக்குவார்கள். மூன்று நாட்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் கூடினால் உடலில் நீர் தேங்குகிறது என்று பொருள். அப்போதே கிளினிக்கிற்குத் தெரிவித்தால், நடுநிசியில் கம்பளியில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடும் நிலையைப் பல வேளைகளில் தவிர்க்கலாம். கருவாடு, ஊறுகாய், ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பல் ஆகியவற்றில் உப்பைக் குறைப்பது பற்றியும், இடுப்பு வலிக்கெனக் கடையில் வாங்கும் டைக்ளோபினக் போன்ற மாத்திரைகள் இந்நோயைக் கடுமையாக்கும் என்பது பற்றியும் வீட்டாரிடம் பேசுவார்கள். முகத்துக்கு நேரே பிடிக்கும் சிறு கைவிசிறி கூட மூச்சுத் திணறலைத் தணிக்கும். கடைசிக் காலத்தை வீட்டிலா வைத்தியசாலையிலா கழிக்க விரும்புகிறார் என்று நோயாளியிடம் பொறுமையாகக் கேட்பதும் இப்பணியில் அடங்கும். மருந்தின் அளவை மட்டும் வைத்தியரே தீர்மானிப்பார்.

ஆக்சிஜன் இயந்திரம் வாங்கித்தர முன்வந்த அன்பர்களுக்கு நன்றி. ஆயினும், இரத்தத்தில் ஆக்சிஜன் குறையாதவருக்கு அது பெரிதாக உதவுவதில்லை. ஆகவே மலசலகூட நாற்காலிகள், தராசுகள், முதுகுத்தாங்கிகள், கிளினிக் நாட்களுக்கான முச்சக்கரவண்டிக் கட்டணம், தாதியின் பயணப்படி ஆகியவற்றுக்கே முதலில் செலவிடுவோம். பொருட்கள் இரவலாகவே வழங்கப்படும். தேவை முடிந்ததும் சுத்தம் செய்து அடுத்த வீட்டுக்குத் தரப்படும்.

எம் தொண்டர்கள் வரும் சம்பள நாளில் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் லயங்களுக்கு வருவார்கள். கொழும்பிலும் வெளிநாடுகளிலும் பணிபுரியும் பிள்ளைகள் தம் பெற்றோர் மூலமாகப் பொருளாளரிடம் சேர்ப்பிக்கலாம். பணமாகத் தர இயலாதோர், நோயாளியின் மகளோ மருமகளோ மலைக்குப் போகும் நாளில் அரை நாள் வந்து உடனிருந்தால் அதையும் நன்கொடையாகவே ஏற்றுப் பதிவு செய்வோம். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

இவ்வண்ணம்,
செயற்குழுவினர்