அவசர சிகிச்சைப் பிரிவுகளில் தேங்கும் நோயாளிகளுக்கு வார்டு படுக்கை விரைந்து கிடைக்க ஆவன செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
பணி ஓய்வு பெற்ற அரசு செவிலியர்

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் பல ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள் நான். காஷுவாலிட்டியில் நெரிசல் என்றாலே, "கூட்டம் அதிகம், என்ன செய்வது" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் புதிதாக வருகிறவர்களை விட, முதல் சிகிச்சை முடிந்தும் வார்டுக்குப் போக வழியில்லாமல் அங்கேயே கிடப்பவர்களால்தான் இடம் அடைபடுகிறது. அவர்களை நகர்த்த வழி செய்யும்படி கேட்கவே இந்த மனு.

நோயாளியை மருத்துவமனை வாசலுக்குக் கொண்டுவரும் வேலையை நம் அரசு நன்றாகவே செய்திருக்கிறது. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் உயிராபத்தில் இருப்பவர்களுக்குச் சிவப்பு, அடுத்த நிலைக்கு மஞ்சள், அவசரம் குறைந்தவர்களுக்குப் பச்சை என நோயாளிகளைத் தரம் பிரிக்கும் முறை வந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தால் சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உள்ளே வந்த பிறகுதான் சிக்கல்.

சில மாதங்களுக்கு முன் என் சித்தியை மூச்சுத் திணறலோடு ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் உடனே பார்த்தார். ஆக்சிஜன் வைத்து, நெபுலைசர் கொடுத்து, அட்மிஷனும் எழுதிவிட்டார். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அப்புறம் விடியும்வரை வராந்தாவில் ஸ்ட்ரெச்சர்தான். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று மீட்டரை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் 108-இல் வந்த ஒரு பெரியவரை மாற்றிப் படுக்க வைக்க ஸ்ட்ரெச்சர் இல்லை. ஆம்புலன்ஸின் ஸ்ட்ரெச்சரிலேயே அவரை வைத்திருந்தார்கள். அது கைக்கு வராமல் வண்டி எப்படிக் கிளம்பும்? டிரைவர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். காலையில் வார்டுக்குப் போனபோது அடுத்த யூனிட்டில், அதாவது வேறொரு மருத்துவர் குழுவின் பொறுப்பில் உள்ள பகுதியில், கட்டில்கள் காலியாகக் கிடந்தன.

இது ஒரு மருத்துவமனையின் குறையல்ல, முறையின் குறை. அதனால்தான் பெயரைக் குறிப்பிடவில்லை. ஒவ்வொரு யூனிட்டுக்கும் புதிய நோயாளிகளைச் சேர்க்க ஓர் அட்மிஷன் நாள் உண்டு. அன்றைக்கு அந்த யூனிட் வார்டில் தரையில் பாய் விரித்துப் படுக்க வைப்பார்கள், பக்கத்து யூனிட்டின் கட்டிலைத் தொட மாட்டார்கள். இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் கேட்டாலும், "சீஃப் (யூனிட்டின் தலைமை மருத்துவர்) வந்து சொல்லட்டும்" என்பதே பதில். இரவில் எல்லாக் கட்டில்களும் மருத்துவமனைக்குப் பொது என்றும், எந்த நோயாளி எங்கே என முடிவு செய்யும் அதிகாரம் பணியில் இருக்கும் நிலைய மருத்துவ அலுவலருக்கு உண்டு என்றும் எழுத்துப்பூர்வமாக உத்தரவிட வேண்டும். என் முதல் கோரிக்கை இதுதான். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம்.

அடுத்தது டிஸ்சார்ஜ். காலை ரவுண்ட்ஸில் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்ன நோயாளி, டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் மாத்திரைக்கும் காப்பீட்டுத் திட்டக் கையெழுத்துக்கும் காத்திருந்து சாயங்காலம்தான் கட்டிலை விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை அதுவும் நடப்பதில்லை. திங்கள்கிழமை காஷுவாலிட்டியைப் பார்த்தாலே இது புரியும். மறுநாள் போகப்போகிறவர்களின் தாள்களை முந்தைய நாளே தயாராக்கி, காத்திருக்க நாற்காலி போட்ட ஓர் அறை கொடுத்தால் பகல் பன்னிரண்டுக்குள் கட்டில் காலியாகும். விடுமுறை நாளிலும் டிஸ்சார்ஜ் போட ஒரு மருத்துவரை நியமிக்க வேண்டும்.

ஓ.பி. முடிந்த பிறகு சாதாரணக் காய்ச்சல்காரரும் காஷுவாலிட்டிக்குத்தான் வருகிறார். அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. கூலி வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வர முடிகிறது. பச்சைப் பிரிவினருக்கு மாலை முதல் இரவு பத்து மணிவரை தனி அறையும் தனி மருத்துவரும் வேண்டும். 108-இல் வருபவர்களுக்கென்று சில ஸ்ட்ரெச்சர்களை எப்போதும் ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஓடும் ரயிலிலிருந்து விழுந்த ஒரு தொழிலாளியை, படுக்கை இல்லையென்று கொல்கத்தாவில் மருத்துவமனை மருத்துவமனையாகத் திருப்பி அனுப்பிய வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் அதை உயிர் வாழும் உரிமையின் மீறல் என்றது. எங்கே படுக்கை இருக்கிறது என்று அறிந்து நோயாளியை அனுப்ப மாநில அளவில் ஒரு மையத் தகவல் அமைப்பு வேண்டும் என்றும் சொன்னது. நம்மால் அது முடியும். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் கட்டளை மையம் வைத்துப் படுக்கை ஒதுக்கினோமே! அதே ஏற்பாட்டை அவசர சிகிச்சைப் படுக்கைகளுக்கும் கொண்டுவந்தால், தாலுகா மருத்துவமனையிலிருந்து மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுபவர் இடமிருக்கிறதா என்றே தெரியாமல் வந்து நிற்க வேண்டியதில்லை.

முதற்கட்டமாக, ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலாவது இரவுப் படுக்கை ஒதுக்கீட்டுக்கான உத்தரவை நடைமுறைப்படுத்தி, அட்மிஷன் எழுதிய நேரத்தையும் வார்டுக்குப் போன நேரத்தையும் தினமும் பதிவு செய்யச் சொல்லுமாறும், இம்மனு மீது எடுக்கும் நடவடிக்கையைத் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)