121.5-இல் ஒலித்த அந்தக் குரலுக்கு

இயந்திரம் நின்றுபோன வேளையில் 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையில் எனக்குத் துணையாக வந்த, பெயர் அறியாத விமானிக்கு இந்த நன்றியை எழுதுகிறேன்.

செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் தனியே பறந்துகொண்டிருந்தபோது, ஈரப்பதம் மிகுந்த காற்றில், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் பனி படிந்து இயந்திரம் தடுமாறத் தொடங்கியது. வெளியே 15 டிகிரி செல்சியஸ் இருந்தாலும், எரிபொருள் ஆவியாவதாலும் குறுகலான வழியில் காற்றழுத்தம் குறைவதாலும் உள்ளே உறைநிலைக்குக் கீழே குளிர்ந்துவிடக்கூடும் என்பதைப் படித்திருந்தும், சூடான காற்றைத் திறக்கத் தாமதித்தேன். திறந்ததும் உருகிய நீர் உள்ளே சென்று அதிர்வு கூடியதைக் கண்டு பயந்து, உடனே மூடியும் விட்டேன். அதுவே என் பெரும் பிழை. அந்தச் சூடு புகைக்குழாயிலிருந்து வருவது என்பதால், இயந்திரம் நின்றபின் அதனால் அதிகப் பயன் இல்லை.

மூக்கைத் தாழ்த்தி 65 நாட் வேகத்தைக் காக்கும்படி நீங்கள் நிதானமாகச் சொன்னீர்கள். தொலைவில் தெரிந்த ஓடுதளத்தை எட்டிவிடலாம் என்று நான் விமானத்தின் மூக்கை உயர்த்தியிருந்தால், வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழந்திருக்கும். அருகிலிருந்த வயலைக் காட்டி, எரிபொருள் வால்வையும் இயந்திரத்துக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவையும் அணைக்கவும், தரை தொடுமுன் கதவின் தாழ்ப்பாளை விடுவிக்கவும் நினைவூட்டியதும் நீங்களே.

காயமின்றி வெளியே வந்து நிமிர்ந்தபோது, என் இருப்பிடத்தைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குத் தெரிவித்தபடி நீங்கள் தலைக்கு மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்தீர்கள். மீட்புக் குழு வந்ததும் இறக்கையை அசைத்துவிட்டுச் சென்றீர்கள். நான் இரு கைகளையும் உயர்த்திக் கும்பிட்டேன், அது உங்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்று இன்றும் விரும்புகிறேன்.