உன் பட்டியலைப் படித்துவிட்டேன், தாயி

அன்புள்ள மகளுக்கு,

நீ பெரியம்மா வீட்டிலிருந்து அனுப்பிய கம்ப்யூட்டர் பாகங்களின் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மூன்று நாள்களாக வேலைக்கு நடுவே அதைத்தான் படிக்கிறேன். போனில் நீ கேட்டபோது, "காலேஜுக்குப் போகிற பிள்ளைக்கு விளையாடுகிற கம்ப்யூட்டர் எதற்கு" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டேன். அது தப்பு. படிப்புக்கு என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் அப்போதே தலையாட்டியிருப்பேன். நீ அப்படிக் கேட்கவில்லை. விளையாட ஆசையாக இருக்கிறது, அதை என் கையாலேயே பூட்ட வேண்டும் என்று உள்ளதைச் சொன்னாய். அப்புறம் நீ ஒன்றும் பேசாமல் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

உன் பட்டியலை எனக்குத் தெரிந்த வழியில் கணக்குப் போட்டேன். ரைசன் 5 7600 பிராசஸருக்கு 65 வாட், ஆர்டிஎக்ஸ் 5060 கிராஃபிக்ஸ் கார்டுக்கு 145 வாட். மானிட்டர், ஃபேன் எல்லாம் சேர்த்தால் விளையாடும்போது ஏறத்தாழ 300 வாட் இழுக்கும். மூன்று மணி இருபது நிமிடம் ஓடினால் ஒரு யூனிட். கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டியதில்லை. நீ எழுதியிருக்கும் 600 விஏ யூபிஎஸ் 360 வாட் வரைதான் தாங்கும். கரண்ட் போனால் ஒழுங்காக அணைப்பதற்குச் சில நிமிடம் கிடைக்கும், அவ்வளவுதான். அதற்கு அது போதும்.

நான் ஒத்துக்கொள்ளாத வரி ஒன்றே ஒன்று, எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ். கார்டுக்கும் மானிட்டருக்கும் தாராளமாக எழுதிவிட்டு, இதில் மட்டும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறாய். போன மாசியில் ஒரு விவசாயி ஐந்து ஹெச்பி மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். திறந்ததும் வார்னிஷ் கருகிய வாடை. உள்ளே பார்த்தால் இரண்டு பேஸ் காயில்கள் கரிக்கட்டை, மூன்றாவது பேஸ் காயில் மட்டும் புதுச் செம்பாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. ஒரு பேஸ் கட்டாகியிருக்கிறது, மட்டமான ஸ்டார்டரில் மோட்டாரை நிறுத்த வேண்டிய ரிலே விழவில்லை, மோட்டார் மீதி இரண்டு பேஸில் முக்கி முக்கி எரிந்துபோயிருக்கிறது. ஸ்டார்டரில் மிச்சம் பிடித்ததற்கு மோட்டார் முழுவதையும் திரும்பக் கட்டினார். எஸ்எம்பிஎஸ் உன் கம்ப்யூட்டரின் ஸ்டார்டர் என்று நினைத்துக்கொள். '80 பிளஸ் பிரான்ஸ்' என்கிற வெண்கல முத்திரையை மட்டும் பார்க்காதே, அது மின்சாரம் வீணாகும் அளவைச் சொல்கிற முத்திரை. ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும் உள்ளே பாதுகாப்பு இருக்கிறதா, எத்தனை வருட வாரண்டி என்று கேட்டு வாங்கு.

கையால் பூட்டுவதைப் பற்றி எனக்கு மறுபேச்சே இல்லை. ஒன்பது வயதில் நீ என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நான் மோட்டார் காயில் சுற்றும்போது சுற்று எண்ணுவாய். ஒரு நாள் யாரோ கூப்பிட்டு நான் எழுந்து போனேன். திரும்பி வரும்போது கணக்கு மறந்துவிட்டது. நீ சுவரில் சாக்பீஸால் 62 என்று எழுதி, விரலால் கம்பியை அழுத்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாய். விரல் நுனி சிவந்திருந்தது. அந்தப் பிராசஸர் உட்கார்கிற சாக்கெட்டில் 1718 ஊசிகள் இருக்கின்றன என்றும், ஒன்று வளைந்தாலும் மதர்போர்டு போய்விடலாம் என்றும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைத் தம்பி சொன்னார். என் மகள் வளைக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் கவலை எல்லாம் இடத்தைப் பற்றித்தான். விடுதியில் ஓர் அறைக்கு நான்கு பேர். ஆளுக்கு ஒரு மேசை, அதன் அகலம் இரண்டடி இருந்தால் அதிகம். ராத்திரி பதினொரு மணிக்கு நீ மானிட்டரைப் போட்டால் மற்ற மூன்று பிள்ளைகள் முகத்திலும் வெளிச்சம் அடிக்கும். விடுதி வைஃபையில் விளையாட்டுக்கு வழி விடுவார்களா என்பதும் போய்ப் பார்த்தால்தான் தெரியும். முதல் செமஸ்டருக்குப் பைத்தான் புரோகிராம் எழுதவும் பாடம் படிக்கவும் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போகவும் ஒரு சாதாரண லேப்டாப் போதும். டெஸ்க்டாப்பை நூலகத்துக்குத் தூக்கிப் போக முடியாது. உன் பட்டியலின் மொத்தம் ஒரு லட்சத்து நான்காயிரத்தையும் இதில் போட்டுவிட்டு, செப்டம்பரில் லேப்டாப்பும் வேண்டும் என்றால் நான் யாரிடமாவது கைநீட்ட வேண்டும். உனக்குச் சொல்லாமல் அதைச் செய்வேன் என்பதும் உனக்குத் தெரியும்.

தள்ளிப்போட்டால் விலை ஏறிவிடும் என்கிறாய். 2025 கடைசியில் ராம் என்கிற மெமரியின் விலை ஏறியதைப் பார்த்து நீ பயப்படுவது நியாயம்தான். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனால் நம்மைப் போன்றவர்கள் கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் 2021இல் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் இதே கதிதான். கார்டை ஓட்டி டிஜிட்டல் காசு சம்பாதிக்கிற கிரிப்டோ மைனிங்காரர்கள் வாங்கிக் குவித்தார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் என்கிற டிஜிட்டல் காசு மைனிங் முறையையே விட்டுவிட்டது, கார்டு சந்தைக்கு மூச்சு வந்தது. ராமும் இறங்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பயத்தில் வாங்க வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன். நீ எழுதியிருக்கும் ஏஎம்5 சாக்கெட்டை 2027க்குப் பிறகும் தொடர்வதாகப் பிராசஸர் கம்பெனி ஏஎம்டி சொல்லியிருக்கிறதாம். ஆறு மாதத்தில் உன் பட்டியல் பழையதாகிவிடாது.

அதனால் நான் நினைப்பது இதுதான். இப்போது 45,000 ரூபாயில் லேப்டாப். தை மாதம் என் சீட்டு முடிகிறது. செமஸ்டர் லீவுக்கு நீ வரும்போது போர்டு, பிராசஸர், ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட் வாங்குவோம். அந்தப் பிராசஸரில் சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் கார்டு இல்லாமலும் படம் வரும். நம் பழைய டிவியில் மாட்டிப் பார்க்கலாம். கார்டையும் மானிட்டரையும் பிறகு சேர்ப்போம். இரண்டாம் வருடம் இருவர் அறை கிடைத்தால் நெல்லை எக்ஸ்பிரஸில் நானே மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன். கார்டைக் கழற்றித் தனியாகப் பொதிந்துதான் கொண்டுவர வேண்டுமாம், ஆட்டத்தில் ஸ்லாட் உடைந்துவிடுமாம்.

உனக்கு இது சரிப்படவில்லை என்றால் ஏன் என்று எழுது. பணம் என்னுடையது என்பதற்காக முடிவும் என்னுடையதாக இருக்க வேண்டியதில்லை. விடுதிக்கே தேவை என்று நீ பார்த்துச் சொன்னால் மறுபடியும் கணக்குப் போடுவேன்.

பூட்டுகிற அன்று பட்டறை பெஞ்சைக் காலி செய்து, துடைத்து, வெள்ளைத் துணி விரித்து வைப்பேன். வேலை முழுவதும் உன்னுடையது. நான் டார்ச் பிடிக்கிறேன்.

அம்மா உன் பையில் முறுக்கும் பருப்புப்பொடியும் வைத்திருக்கிறாள். முன்பக்க ஜிப்பில் என் சின்ன மல்ட்டிமீட்டர் இருக்கிறது. விடுதிக்குப் போன அன்றே, லேப்டாப் சார்ஜர் சொருகுவதற்கு முன்னால், உன் மேசை பிளக்கில் பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்துப் பார். 230க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் வார்டனிடம் சொல்லிவிட்டு எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அப்பா