வலை கட்டும்போது பேசினான்

ஐயா,

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும், பன்னிரண்டாம் வகுப்புக் கால அட்டவணையில் முதலில் காணாமல் போவது பி.டி. பீரியட்தான். 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். “சார், இந்த வாரம் மட்டும்” என்று கணக்கு ஆசிரியர் கேட்பார். கொடுத்துவிடுவேன். அந்த வாரம் மார்ச் வரை நீளும். குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஒரு ஜனவரியில், பந்து அறையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் வந்து நின்றான். இயற்பியலில் 70க்கு 11. வகுப்பாசிரியர் எதிரில் உட்காரவைத்து, “என்னப்பா பிரச்சினை?” என்று கேட்டிருக்கிறார். “ஒன்றுமில்லை சார்.” என்னிடமும் அதே பதில். நான் மேலே கேட்கவில்லை. வாலிபால் வலை சிக்குப்பிடித்துக் கிடந்தது. ஒரு முனையை அவன் கையில் கொடுத்தேன். முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், பேசத் தொடங்கினான். தூக்கம் வராதது, அப்பாவின் கடன், பள்ளி மணி அடித்தாலே வயிற்றைப் பிசைவது... வலை கம்பத்தில் ஏற முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெரிதாக நான் எதுவும் சொல்லிவிடவில்லை. மறுநாளும் வந்தான், சிக்கே இல்லாத வலையைப் பிரிக்க.

மார்ச்சில் அவன் தேறவில்லை. துணைத் தேர்வில்தான் தேறினான். தேறவில்லை என்று தெரிந்த அன்று என் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போனான்.

100 மாணவர்களுக்குக் குறையாத கல்வி நிறுவனங்களில் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. நல்லது. அவருக்குத் தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் எதிரெதிரே இரண்டு நாற்காலியும் போட்டால், அங்கேயும் “ஒன்றுமில்லை”தான் கிடைக்கும். மைதானத்துக்கு அனுப்புங்கள். அதற்கு முதலில் மைதானத்தில் பிள்ளைகள் இருக்க வேண்டும்.

மனநல உதவிக்காக 2022 முதல் செயல்படும் அரசுத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். முகம் காட்ட வேண்டாம் என்பதுதான் அதன் பெரிய வசதி. நான் பார்த்த ஒரு பள்ளியில் அதைத் தலைமையாசிரியர் அறை வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே நின்று எந்தப் பிள்ளை குறித்துக்கொள்ளும்? கழிப்பறைக் கதவின் உட்புறம் எழுதுங்கள். தேர்வு நுழைவுச் சீட்டின் பின்புறமும் அச்சிடலாம்.

கணக்கு ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம். வாரத்தில் இரண்டு பீரியட்தான் கேட்கிறேன். “இந்த வாரம் மட்டும்” என்றாவது கொடுத்துப் பாருங்கள்.

– ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், மன்னார்குடி