புகார் கொடுக்க அக்கா எங்கே போவார்?

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு,

வணக்கம். பெங்களூரு மாரத்தஹள்ளிப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். எங்கள் கேட்டில் தினமும் காலையில் வீட்டு வேலைக்கு வரும் அக்கா, செக்யூரிட்டியிடம் ஒரு எண்ணைச் சொல்வார். செக்யூரிட்டி தன் செல்போனில் ஒரு ஆப்பில் தட்டியதும், அக்கா வேலை செய்யும் அத்தனை வீட்டுக்கும் 'வந்துவிட்டார்' என்று செய்தி போகும். போட்டோ, போன் நம்பர், ஆதார் நகல், எந்தெந்த வீட்டில் வேலை, எத்தனை நாள் லீவு, போதாததற்கு நட்சத்திர மதிப்பெண் என்று எல்லாம் அந்த ஆப்பில் இருக்கிறது. தமக்கு எத்தனை நட்சத்திரம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் சம்மதம் கேட்டார்களா என்றேன். "குடுக்கலைன்னா உள்ள விடமாட்டாங்களே தம்பி" என்றார். சம்மதம் சுதந்திரமாக, நிபந்தனை இல்லாமல், விவரம் தெரிந்து தரப்பட வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் சொன்ன வழக்கைத் தொடுத்த கே. எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி. 2023ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு விதிகள் வந்தது 2025 நவம்பரில். நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அமலுக்கு வருவது 2027 மே மாதம். சரி, இவ்வளவு பொறுத்தோம், இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். ஆனால் அமலுக்கு வந்த பிறகு என்ன நடக்கும் என்பதுதான் என் கவலை.

தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பணம் அரசின் கஜானாவுக்குப் போகும். தகவல் கசிந்தவருக்கு ஒரு பைசா கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் நஷ்டஈட்டுக்கு ஒரு வழி இருந்தது. அதையும் 2023ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிடுகிறது. ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அப்புறம் புகார். அக்கா முதலில் நிறுவனத்திடமே முறையிட வேண்டும். பதில் சொல்ல அவர்களுக்கு 90 நாள் வரை அவகாசம் உண்டு. அதன் பிறகே, இந்தச் சட்டப்படி புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியம், அதுவும் ஆன்லைனில். அற்பமான புகார் என்று முடிவானால் அவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் விழலாம். இதைக் கேட்டபின் யார் வாயைத் திறப்பார்கள்?

அந்த நிறுவனம் எது என்பதே முதல் சிக்கல். நான் கேட்டபோது ஆப்காரர்கள் குடியிருப்போர் சங்கத்தைக் கை காட்டினார்கள். சங்கம் ஆப்பைக் காட்டியது. இப்படிப்பட்ட இடங்களில் பொறுப்பு யாருடையது என்று 2027 மே மாதத்துக்கு முன்பே எழுத்தில் தெளிவாக்குங்கள்.

சம்மதம் கேட்கும் வாசகத்தை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் படிக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. புகாருக்கும் அதே வசதி வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் போனில் பேசியே பதிவு செய்ய ஓர் எண் கொடுங்கள். தமிழோ கன்னடமோ, அவர் சொல்வதை எழுதிக்கொள்ள எதிர்முனையில் ஓர் ஆள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பெங்களூருவில் வசிக்கும் ஒரு தமிழன்