பெரிய தாத்தாவின் பட்டாளக் காகிதங்கள்

அன்புள்ள தேன்மொழிக்கு,

பெரிய தாத்தாவுக்குக் காலில் அடிபட்டது எங்கே, எப்போது என்று தேட ஆரம்பித்திருப்பதாக எழுதியிருந்தாய். நல்லது. ‘கசினோ சண்டையில் குண்டடி’ என்று, இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் நடந்த அந்தச் சண்டையைச் சொல்லி நம் வீட்டில் பேசிவருவதை மட்டும் இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடு. இத்தாலிக்குப் போய்வந்தவர் வீடுகளில் பாதிக்கு மேல் கசினோதான் பேசப்படும். காகிதம் என்ன சொல்கிறதோ அங்கிருந்து தொடங்கு.

முதலில் வேண்டியது அவருடைய பட்டாள நம்பர். பெயரை நம்பித் தேடினால் சிக்கல்தான். முனுசாமியை ஒரு கிளார்க் முனிஸ்வாமி என்பார், இன்னொருவர் முன்னுசாமி என்பார். ஒரே கம்பெனியில் நாலு முனுசாமி இருப்பார்கள். நம்பரோடு தகப்பனார் பெயர், ஊர், அன்றைய ஜில்லா மூன்றையும் சேர்த்துக்கொள். பழைய பதிவில் திருவண்ணாமலை மாவட்டம் என்று இருக்காது, வட ஆற்காடு என்றுதான் இருக்கும்.

நம்பர், பட்டாளத்திலிருந்து விலகும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கும், பென்ஷன் ஆர்டரில் இருக்கும். இந்தியப் படைக்குக் கொடுத்த பதக்கங்கள் பலவற்றிலும் பொறித்திருப்பார்கள், வட்டப் பதக்கம் என்றால் விளிம்பில், நட்சத்திர வடிவ ‘ஸ்டார்’ என்றால் பின்பக்கத்தில். பெரியப்பாவிடம் பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்த எழுத்து ஆழமில்லாதது, நாலு தரம் தேய்த்தால் போய்விடும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து, பின்பக்கத்தையும் விளிம்பையும் ஏழெட்டு போட்டோ எடுக்கச் சொல்.

அவர் அனுப்பிய படத்தில் ஆப்பிரிக்கா ஸ்டாரும் இத்தாலி ஸ்டாரும் இருக்கின்றன. முன்னது 10 ஜூன் 1940 முதல் 12 மே 1943 வரை, பின்னது 11 ஜூன் 1943 முதல் 8 மே 1945 வரை. ஆனால் இத்தாலி ஸ்டாரை வைத்து இத்தாலி என்று முடிவு கட்டாதே. கிரீஸில் இருந்தவர்களுக்கும் அதையேதான் கொடுத்தார்கள், 4வது இந்திய டிவிஷன் 1944 கடைசியில் கிரீஸுக்குப் போனது. காயத்தைப் பற்றிப் பதக்கம் எதுவும் பேசாது. நம் அரசின் காயப் பதக்கம் 15 ஆகஸ்ட் 1947க்குப் பிந்திய காயங்களுக்குத்தான்.

அடுத்தது பெங்களூர். பெரிய தாத்தா மெட்ராஸ் சேப்பர், அதாவது பட்டாளத்தின் என்ஜினியர் படை ஆள், என்பதால் அங்குள்ள எம்.இ.ஜி. (மெட்ராஸ் என்ஜினியர் குரூப்) ரெக்கார்ட்ஸுக்கு எழுத வேண்டும். (மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆளாக இருந்தால் வெலிங்டன், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர்.) கையெழுத்து பெரியப்பாவுடையதாக இருக்கட்டும், மகன் என்பதால் அவர் கேட்டால் பேச்சுக் குறையும். டிஸ்சார்ஜ் புத்தக நகல், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் மூன்றையும் இணைக்கச் சொல். ‘சர்வீஸ் ரெக்கார்ட் வேண்டும்’ என்று மட்டும் கேட்டால் ‘அழிக்கப்பட்டுவிட்டது’ என்று ஒரு வரி பதில் வரும். பென்ஷன் இல்லாதவர்களின் கோப்புகளை 25 ஆண்டு கழித்து அழிக்கலாம் என்பது விதி. ஆனால் ‘லாங் ரோல்’ என்ற பேரேடு அழிக்கப்படுவதில்லை. சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம் எல்லாம் அதில் உண்டு. லாங் ரோல் பகுதியின் நகல் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் போடலாம். அவர் ஊனமுற்றோர் பென்ஷன் வாங்கியிருந்தால் பென்ஷன் ஆர்டர் நம்பரையும் எழுதுங்கள். மெடிக்கல் போர்டு காகிதம் மிஞ்சியிருந்தால் அந்த வழியாகத்தான் கிடைக்கும்.

நீ லண்டனில் இருப்பதால் அங்கே கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம் உன் பங்கு. அடையாளச் சான்று, முகவரிச் சான்று இரண்டும் காட்டி ரீடர்ஸ் டிக்கெட் வாங்கிக்கொள். பேனாவை உள்ளே விடமாட்டார்கள், பென்சில் கொண்டு போ. ஒவ்வொரு பிரிவும் அன்றாடம் எழுதிவந்த வார் டயரிகளில் இத்தாலிப் போர்முனையுடையவை டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ்) 170 வரிசையில், மத்தியக் கிழக்கு 169இல், மருத்துவப் பிரிவுகளுடையவை 177இல். அவருடைய 12 ஃபீல்ட் கம்பெனியின் 1944ஆம் ஆண்டுக் கட்டைக் கேள், கூடவே அந்தக் கம்பெனி இருந்த 4வது இந்திய டிவிஷனின் என்ஜினியர் தலைமையகக் கட்டையும் கேள்.

டயரியில் அவர் பெயர் இருக்காது. அதிகாரிகளைத்தான் பெயர் சொல்லி எழுதுவார்கள், மற்றவர்கள் எல்லாம் ‘2 ஐ.ஓ.ஆர். காயம்’ என்ற வரிக்குள் அடங்கிவிடுவார்கள். இந்திய சிப்பாய்கள் என்பதற்கு அதுதான் சுருக்கம். ஆகவே தேதி கையில் இல்லாமல் டயரியைப் புரட்டினால் காயம்பட்ட எல்லாரும் அவராகத்தான் தெரிவார்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள 12 ஃபீல்ட் கம்பெனியையும் முழுதாக நம்பாதே. ஆஸ்பத்திரியிலிருந்து தேறி வந்தவரை வேறு கம்பெனிக்கு அனுப்புவதும் உண்டு.

காயத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். ஜி.எஸ்.டபிள்யூ. என்றால் துப்பாக்கிக் குண்டுக் காயம் என்று பொருள், ஆனால் பீரங்கிச் சிதறல் பட்டதையும் அப்படியே எழுதினார்கள். சேப்பர்கள் கண்ணிவெடி எடுக்கிறவர்கள், அதனால் காயம் எந்த இடத்தில், எப்படி இருந்தது என்பதைப் பெரியப்பாவிடம் கேட்டு எழுதி வை. ஜெர்மன்காரர்களின் ஷூ மைன் மரப்பெட்டி. உள்ளே சுமார் 200 கிராம் வெடிமருந்து, இரும்பு தேடும் கருவிக்கு எளிதில் அகப்படாது. மிதித்தவரின் பாதத்தையே கொண்டுபோகும். எஸ் மைன் தரையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மீட்டர் எழும்பி வெடித்து உருண்டைகளை நாலாபக்கமும் இறைக்கும், உடம்பெங்கும் சின்னச் சின்ன வடுக்கள் விழும். பெரிய தாத்தாவுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரே தழும்புதான் என்றால் பெரும்பாலும் இரண்டும் இல்லை, சிதறலாகவே இருக்கலாம்.

இன்னொரு வழியையும் விட்டுவிடாதே. விருதுப் பரிந்துரைகள் டபிள்யூ.ஓ. 373இல் இருக்கின்றன. அவருக்கு விருது இல்லை என்றாலும் அதே பிரிவில் வேறொருவருக்குக் கிடைத்திருந்தால், எந்த இடம், என்ன வேலை, யார் யார் கூட இருந்தார்கள் என்று அதில் விவரமாக இருக்கும். நம் பக்கத்துச் சுபேதார் சுப்ரமணியன் 24 பிப்ரவரி 1944இல் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடிமேல் படுத்துத் தன் ஆட்களைக் காப்பாற்றி உயிர்விட்டாரே, ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது பெற்ற மெட்ராஸ் சேப்பர், அவருடைய பரிந்துரையையும் பார்.

பக்கங்களைப் படம் எடுக்கும்போது பின்னிணைப்புகளையும் சேர்த்து எடு. ஆள் கணக்குப் பட்டியல்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஞாயிறும் திங்களும் கியூவில் படிப்பறை கிடையாது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா